வரிசையில் நிற்காத பசி

பிள்ளைகளின் பசி, தடுக்கக்கூடிய நோய், நன்கொடை: இந்த இதழ் முழுக்கப் பொம்மிடி வட்டாரத்து வாசகர்களின் கேள்விகள்.

கேள்வி: ஊர்த் திருவிழாவில் வருஷம் தவறாமல் அன்னதானம் போடுகிறோம். ஏழைப் பிள்ளைகளின் பசிக்கு இது போதாதா?
(விழாக் குழு உறுப்பினர், பொம்மிடி)

நிறுத்திவிடாதீர்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சோறு போடுவதை இந்த மண் ஒருநாளும் சின்ன விஷயமாக நினைத்ததில்லை. ஆனால் உங்கள் பந்தியில் ஒருத்தி உட்காரவே மாட்டாள். அவளுக்கு வயது எட்டு மாதம். சாம்பார் சாதம் அவளுக்கு இறங்காது, வரிசையில் நிற்கவும் தெரியாது. கருவான நாளிலிருந்து இரண்டு வயது முடியும் வரையிலான ஆயிரம் நாட்களில்தான் உடம்பும் மூளையும் வேகமாக வளர்கின்றன. அப்போது விட்ட வளர்ச்சியைப் பிற்பாடு எத்தனை பந்தி போட்டாலும் முழுசாகப் பிடிக்க முடியாது. அடுத்த திருவிழாக் கணக்கில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். முழுகாமல் இருக்கும் பெண்களும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். அதில் வறுமைப்பட்ட வீடுகளுக்கு வருஷம் முழுக்க முட்டையும் நிலக்கடலையும் துவரம்பருப்பும் போய்ச் சேரட்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் பட்டினிச் சாவு கிடையாதே. அப்புறம் என்ன பசி?
(வெற்றிலை வியாபாரி, கடத்தூர்)

பட்டினி என்று எழுதி யாரும் சாவதில்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை என்றுதான் சீட்டில் எழுதுவார்கள். உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் சாவுக்குப் பின்னால் ஊட்டக்குறைவு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெம்பான பிள்ளை நான்கு நாளில் எழுந்து விளையாடிவிடும் காய்ச்சலில், மெலிந்த பிள்ளை எழுந்திருக்காது.

தமிழ்நாட்டுக் கணக்கே சொல்கிறேன். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 22 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாட்டின் சராசரியைவிட இது நல்ல கணக்கு என்பதுதான் வேதனை.

2014 நவம்பரை நம் மாவட்டம் மறந்திருக்காது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. அவற்றில் பலவும் எடை குறைந்து பிறந்தவை. பிள்ளை பிறக்கும்போது எடை குறைவு என்றால், அது வயிற்றில் இருந்த மாதங்களில் தாய்க்கு என்ன கிடைத்தது என்று முதலில் கேட்க வேண்டும். அவள் பதினேழு வயதில் தாலி கட்டிக்கொண்டவளா என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: பேரனைப் பெத்தவங்க திருப்பூர்ல வேலை செய்யறாங்க. வயசு ஒண்ணேகால். கேழ்வரகுக் கஞ்சிதான் வேளா வேளைக்கு ஊட்டறேன். ஆனாலும் பையன் தேறலையே?
(ஒரு பாட்டி, பொ. மல்லாபுரம்)

கேழ்வரகு மேல் குற்றமில்லை, அம்மா. கால்சியத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. குறை கஞ்சியின் பதத்தில் இருக்கிறது. பேரனின் வயிறு சின்னது. தண்ணியாகக் காய்ச்சினால் வயிறு நிரம்பிவிடும், உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல், மெதுவாக நழுவி விழுகிற பதத்துக்குக் கிண்டுங்கள். இறக்கும்போது ஒரு டீஸ்பூன் கடலெண்ணெய் விடுங்கள். ஒரு வேளை மசித்த பருப்பும் முருங்கைக்கீரையும், ஒரு வேளை வேகவைத்த முட்டை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு தடவை வாழைப்பழமோ பொடித்த வேர்க்கடலை உருண்டையோ கொடுங்கள். முழுக்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இன்னொன்று. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கொழுக்கட்டை பிடித்து வீடே பங்கு போட்டுச் சாப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். வீட்டில் எல்லோருக்கும் பசி என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாக்கெட் பேரனுடையது.

கேள்வி: பிள்ளைக்கு நாலு நாளா பேதி. தோஷம் தட்டியிருக்கு, மந்திரிக்கணும்னு மாமியார் சொல்றாங்க. போகலாமா?
(இளம் தாய், பாப்பிரெட்டிப்பட்டி)

மந்திரிக்கப் போகிற வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள், தாயே. திரும்பும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறங்குங்கள். அதுவும் இன்றே. உச்சிக்குழி உள்ளே இறங்குவதும், கண் குழி விழுவதும், அழுதால் கண்ணீர் வராததும் உடம்பில் நீர் வற்றியதன் அடையாளங்கள். இவற்றைத் தோஷம் என்ற நம் பாட்டிமார்கள் அடையாளத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். மருந்துதான் வேறு இடத்தில் இருந்தது.

அந்த மருந்து வந்த கதை தெரிந்தால் பாக்கெட்டை அலட்சியமாகப் பார்க்க மாட்டீர்கள். 1971-இல் வங்கதேசப் போர் நேரம். எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸையும் உப்பையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து வாய்வழியே குடிக்க வைத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் இன்று அரசு சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. உடன் துத்தநாக மாத்திரை தருவார்கள். பேதி நின்றாலும் 14 நாள் முழுசாகக் கொடுத்து முடியுங்கள்.

ராத்திரியில் பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருகிறதே?
(ஆட்டோ ஓட்டுநர், மொரப்பூர்)

ஒன்றிரண்டு நாள் வரும், போய்விடும். போலியோ வந்தால் கால் திரும்பி வராது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வகைப் போலியோ கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில், ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்த பகுதி என்று சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பின்னால் அரசாங்கங்களின் பணமும் வீடு வீடாக நடந்த பெண்களின் கால்களும் இருந்தன. 1985 முதல் ரோட்டரி சங்கத்தார் உலகம் முழுக்கத் திரட்டிய நன்கொடையும் இருந்தது. கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேஷன் அரிசி, சத்துணவு, முட்டை, சத்துமாவு என்று அரசாங்கம்தான் எல்லாம் தருகிறதே. நான் வேறு ஏன் கொடுக்க வேண்டும்?
(ஓய்வு பெற்ற ஊழியர், பொம்மிடி)

அரசாங்கம் தருவதற்கு முன்னால் யாரோ கொடுத்ததால்தான், ஐயா, இன்று அரசாங்கம் தருகிறது. 1956-இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோது செலவில் ஒரு பங்கை ஊரார்தான் சுமந்தார்கள். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டினார். நெல் கொடுத்தவர் நெல், பலகை கொடுத்தவர் பலகை. 1961-லிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் அனுப்பியது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த நாடு அப்புறம் பின்வாங்கவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, 2010-இல் அது வாரத்துக்கு ஐந்தானது. 2022 செப்டம்பர் 15-இல் மு.க.ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார்.

நன்கொடையின் வேலை அரசாங்கத்தின் இடத்தில் உட்காருவதல்ல. அது இன்னும் வந்து சேராத இடத்துக்கு முன்னால் போய் நிற்பது. திட்டம் ஊர் வரை வந்திருக்கும், ஒரு பிள்ளையின் வாய் வரை வந்திருக்காது. அந்தக் கடைசித் தூரத்துக்குத்தான் உங்கள் பணம் வேண்டும்.

கேள்வி: அந்தக் கடைசித் தூரம் எங்கே இருக்கிறது? ஒன்று காட்டுங்கள்.
(கல்லூரி மாணவர், தருமபுரி)

ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில். காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை தூரத்துப் பள்ளிக்குச் சீக்கிரமே பஸ் ஏறுகிறது, வெறும் வயிற்றோடு. மதியம் வரை அந்த வயிற்றுக்கு ஒன்றுமில்லை. காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றி எந்த உயர்நிலைப் பள்ளி ஆசிரியையிடமும் கேளுங்கள். தலைமையாசிரியரின் சம்மதத்தோடு இருபது பிள்ளைகளுக்கு அவித்த சுண்டலும் வாழைப்பழமும் ஒரு பருவம் முழுக்கத் தர ஒரு நண்பர் கூட்டத்தால் முடியும். அரசுப் பள்ளிக்குப் பெரிதாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. கணக்கோடு கொடுக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையை அங்கன்வாடியில் அளந்து 'சிவப்பு' என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் தங்கச் சொன்னார்களாம். அந்தப் பெண் போகவே இல்லை. பெற்ற பிள்ளைமேல் அக்கறை இல்லாத தாயும் இருப்பாளா?
(ஒரு வாசகி, பி. பள்ளிப்பட்டி)

இருக்க மாட்டாள். அவள் போட்ட கணக்கு உங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த நாடாவைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்த ஒரு துண்டுப் பட்டை. பிள்ளையின் இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடு இடத்தில் சுற்றி, இறுக்காமல் தளர்த்தாமல் அளவைப் படிப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு. உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும் கை அது. பாதத்தின் மேல் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுப்பார்கள். இரண்டு காலிலும் குழி அப்படியே நின்றால் அதுவும் கடும் ஊட்டக்குறைவுதான், பிள்ளை கொழுகொழு என்று தெரிந்தாலும்.

இப்போது தாயின் கணக்கு. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால் இரண்டு வாரக் கூலி போயிற்று. மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். வீட்டில் நான்கு வயது மூத்தவன். அவனுக்கு யார் சோறாக்குவது? புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. கட்டிக் கிடக்கும் ஆட்டை யார் ஓட்டுவது? போக வர பஸ் கட்டணம், டீ, சோப்பு, மாற்றுத்துணி. சிகிச்சை இலவசம்தான், ஆனால் சிகிச்சையை ஒட்டிய எதுவும் அவளுக்கு இலவசம் இல்லை. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் தங்கும் தாய்க்குக் கூலி இழப்பீடு தரும் ஏற்பாடு அரசுத் திட்டத்தில் உண்டு. அதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? சொன்னாலும், கைக்கு வரும் வரை அடுப்பு எரிய வேண்டாமா?

அம்மா, ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆகும் நன்கொடை பெரும்பாலும் இவ்வளவுதான்: இரண்டு வாரக் கூலி, பஸ் காசு, மூத்தவனுக்கு உங்கள் வீட்டில் ஒரு தட்டு, ஆட்டுக்கு ஒரு கட்டுத் தழை. நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போங்கள். அக்கறை இல்லையா என்று கேட்காதீர்கள். எதெது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: கையில் பணம் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போய்விடாதா?
(மளிகைக் கடைக்காரர், மெணசி)

பயம் நியாயமானது. குடியால் பிள்ளையின் பால் காசு போன வீடுகள் நம் பக்கம் இருக்கின்றன. ஆனால் உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏழைகளுக்கு ரொக்கமாகக் கொடுத்ததால் குடியும் புகையும் கூடவில்லை என்றே கண்டார்கள். தாய் கையில் கொடுங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கான பதிவு முகாம் 2023 ஜூலை 24-இல் நம் தொப்பூரில்தான் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கில் விழுகிறது. அதை நம் வீட்டுப் பெண்கள் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது உங்கள் கடைக் கணக்கு நோட்டிலேயே இருக்கும்.

கேள்வி: என் மகள் பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டாட நினைக்கிறேன். நல்லதுதானே?
(வங்கி ஊழியர், அரூர்)

உங்கள் மனசு நல்லது. கொண்டாடும் நாளை மட்டும் மாற்றுங்கள். ஞாயிறும் தீபாவளியும் அங்கே இனிப்பு மிஞ்சும், ஜூலை மாதத்துப் புதன்கிழமைக்கு யாரும் வருவதில்லை. கேக்குக்குப் பதில் ஒரு மாதத்துப் பருப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவில்லாத இடத்துக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

இன்னும் ஒரு படி யோசியுங்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வரை ஒரு தாயைக் கூட்டிப் போனால், அது பிறந்தநாள் விருந்தைவிட நீளமாக நிற்கும்.

கேள்வி: உதவி செய்ததைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் நாலு பேருக்குத் தூண்டுதலாக இருக்குமே?
(இளைஞர் மன்றம், துறிஞ்சிப்பட்டி)

அரிசி மூட்டையைப் படம் எடுங்கள். பிள்ளையை வேண்டாம். நாளை பள்ளியில் அந்தப் பிள்ளை எல்லோரோடும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பெரியவர்கள் பலருக்குப் பல் காவி ஏறியிருக்கிறது. பல் துலக்காததால்தானே?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஒரு கிராமத்துப் பள்ளி)

இல்லை, கண்ணு. எவ்வளவு தேய்த்தாலும் போகாத காவி அது. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு செய்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க லாயக்கில்லை. நம் மாவட்டத்தின் பல ஊர்க் கிணறுகளில் அது நெடுங்காலமாக அதிகம். எட்டு வயது வரை பல் உள்ளே உருவாகும் காலத்தில் குடித்தால் பல்லில் படியும். பல வருஷம் குடித்தால் எலும்பிலும் ஏறி முதுகும் மூட்டும் வளையாமல் போகும். வந்தால் திருப்ப முடியாது, வராமல் முழுசாகத் தடுக்கலாம். அதற்காகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம். உன் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா என்று பார். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் எல்லோரும் பழைய போருக்கே திரும்புகிறார்கள். உங்கள் அறிவியல் டீச்சரிடம் சொல்லி ஊர்த் தண்ணீர் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல். அந்த முடிவை வைத்துக் கிராம சபையில் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: நன்கொடையால் ஒரு பகுதியே மாறிய உதாரணம் நம் மாவட்டத்தில் உண்டா?
(பள்ளி ஆசிரியர், பையர்நத்தம்)

உண்டு. அரூரைத் தாண்டிப் போங்கள். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே குடியேறினார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் போக வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து கட்டிய ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியது. பிரசவமும் அங்கேதான். பிறகு நண்பர்களும் நல்ல மனசுக்காரர்களும் தந்த பணத்தில் ஆஸ்பத்திரி எழுந்தது. டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று பெயர்.

எனக்கு அதில் கட்டடத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்தார்கள். வயதான பெண்கள் தங்கள் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பார்த்து எடை, சாப்பாடு, தடுப்பூசி என்று விசாரித்தார்கள். நோய்க்கு வேர் வயலில் இருக்கிறது என்று தெரிந்ததும் இயற்கை விவசாயிகள் சங்கம் பிறந்தது, சாமையும் கேழ்வரகும் தட்டுக்குத் திரும்பின. லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்குச் சந்தை கிடைத்தது. சிசு மரணம் ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது. கொடுத்தவர்கள் ஒரு முறை கொடுத்துவிட்டுப் போகவில்லை, வருஷக்கணக்கில் நின்றார்கள். வாங்கியவர்களும் வாங்குபவர்களாகவே இருந்துவிடவில்லை.

கேள்வி: அரூர்ப் பிள்ளைக்குக் கொடுப்பதா, ஆப்பிரிக்கப் பிள்ளைக்குக் கொடுப்பதா?
(மென்பொருள் பொறியாளர், பெங்களூரு, சொந்த ஊர் பொம்மிடி)

உங்கள் சம்பளத்துக்கு இரண்டும் முடியும். 1990-இல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். 2022-இல் அது 49 லட்சம். கொசுவலை, தடுப்பூசி, வைட்டமின் ஏ சொட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று மலிவான பொருள்கள் செய்த வேலை அது. அதில் முகம் தெரியாதவர்கள் கொடுத்த காசு நிறைய உண்டு. தூரத்துக்குக் கொடுக்கும்போது இந்த மாதிரி நிரூபிக்கப்பட்ட பொருளுக்குக் கொடுங்கள். பக்கத்துக்குக் கொடுக்கும்போது பணத்தோடு நீங்களும் போங்கள்.

கேள்வி: வீட்டில் அப்பாவுக்கு டி.பி. பிள்ளைகளுக்குத் தொற்றாமல் இருக்க என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், பொம்மிடி)

பிள்ளைகளை உடனே சோதிக்கச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தருவார்கள். அடுத்தது சாப்பாடு. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நோயாளியின் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு என்று மாதாமாதம் உணவுப் பை கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. காசநோய் மருந்து இல்லை, ஊசி இல்லை, சாப்பாடும் சத்து மாத்திரையும்தான். நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், கேட்டு வாங்குங்கள். மற்ற வாசகர்களுக்கு: 'நிக்‌ஷய் மித்ரா'வாகப் பதிந்துகொண்டால் ஒரு நோயாளிக்கு ஆறு மாதம் உணவுப் பை கொடுக்கலாம். குடும்பத்துக்கே சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: செங்கல் சூளைக்கு வந்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களுக்கு இங்கே ரேஷன் அட்டை இல்லை. பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்ப்பார்களா?
(சூளைக் கணக்காளர், கடத்தூர்)

சேர்க்க வேண்டும். அங்கன்வாடிக்கு ரேஷன் அட்டை நிபந்தனை கிடையாது. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-லும் 2006-லும் எல்லாக் குழந்தைக்கும் அங்கன்வாடிச் சேவை சேர வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. தடுப்பூசிக்கும் ஊர் கேட்க மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் அந்தப் பிள்ளைகள் சூளை மண்ணிலேயே கிடக்கிறார்கள். கணக்கு எழுதும் கையால் அவர்கள் பெயர், வயது எழுதி கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து ஊர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா? சட்டச் சிக்கல் வருமா?
(கப்பல் பட்டறைத் தொழிலாளி)

இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. குடியுரிமை மாறியிருந்தால், அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புக்கு மட்டுமே அனுப்பலாம். உள்ளூரில் வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்கள் அதற்கான ரசீது கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அதுவும்.

கேள்வி: எந்த அமைப்பை நம்புவது?
(ஒரு வாசகர், தென்கரைக்கோட்டை)

கணக்கைக் கேட்டால் முகம் மாறாத அமைப்பை. போன வருஷம் எது சரிவரவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வேலை செய்கிறவர்கள்.

கேள்வி: கட்டட வேலைக்குப் போறவ நான். கொடுக்கக் காசில்லை. நாலு மாசக் கைக்குழந்தை இருக்கு. பால் குடிச்சது போக மிச்சம் கட்டிக்கிட்டு வலிக்குது. என்னால யாருக்காவது உதவ முடியுமா?
(ஒரு தாய், வத்தல்மலை அடிவாரம்)

முடியும் தங்கச்சி. இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்ட யாராலும் கொடுக்க முடியாததை உன்னால் கொடுக்க முடியும். ஒன்றரைக் கிலோகூட இல்லாமல் பிறந்து, பெற்றவளுக்குப் பால் சுரக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சிசுவுக்கு இன்னொரு தாயின் பால்தான் அடுத்த மருந்து. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ரத்தம் சோதித்து, பாலைச் சுத்தமாக எடுத்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, உறைய வைத்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். முதலில் உன் பிள்ளை வயிறு நிறையட்டும், நீயும் இரண்டு வேளை கூடச் சாப்பிடு. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, பால் கொடுக்க எங்கே போக வேண்டும் என்று செவிலியரிடம் கேள். பஸ் காசுக்கு யோசிக்காதே. மேலே கேள்வி கேட்ட வங்கி ஊழியரும் மளிகைக் கடைக்காரரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.